ஜூனியர் வக்கீலுக்கு வேலை எங்கே? சிவகங்கைச் சீமை நீதிமன்றங்களும் மதுரைக் கிளையும்

திருப்பத்தூரில் ஒரு நிக்காஹ். பந்தியிலிருந்து எழுந்து கை கழுவிக்கொண்டிருந்தபோது கீழச்சிவல்பட்டிக்காரர் ஒருவர் நம்மை ஓரமாக அழைத்துப் போனார். "ஹஜ்ரத், மகன் வக்கீலுக்குப் படிச்சு முடிச்சு கோட்டும் போட்டுட்டான். ஆறு மாசமா காலையில போறான், ராத்திரி வர்றான். மாசம் நாலாயிரம் தர்றாங்க. அதையும் கேட்டுத்தான் வாங்க வேண்டியிருக்கு. இது வேலையா, இல்ல இன்னும் படிப்புதானா? பொண்ணு வீட்டுல கேட்டா நான் என்னன்னு சொல்றது?" என்றார்.

நமக்கு அன்று பதில் தெரியவில்லை. மத்ரஸாவில் ஓதி, பிறகு கலைக் கல்லூரியில் பட்டம் வாங்கிய நாம் நீதிமன்றப் படியேறியது ஜமாஅத் வேலையாகச் சில தடவை மட்டுமே. அதற்குப் பிறகுதான் வழக்கறிஞர்களிடமும், அவர்களிடம் ஜூனியராக இருக்கும் நம் பிள்ளைகளிடமும் விசாரித்தோம். தீர்ப்புகளையும் அறிவிக்கைகளையும் தேடிப் படித்தோம். மகனையோ மகளையோ சட்டம் படிக்க வைத்திருக்கும் பெற்றோருக்குப் பயன்படட்டும் என்று அவற்றை இங்கே தருகிறோம்.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். மும்பையிலும் டெல்லியிலும் உள்ள பெரிய சட்ட நிறுவனங்கள் 'அசோசியேட்' என்ற பதவிக்கு ஆள் எடுக்கின்றன. கல்லூரிக்கே வந்து நேர்காணல் நடத்தி, ஆண்டுக்குப் பத்து லட்சத்துக்கு மேல் சம்பளம் பேசி எடுத்துக்கொள்வதும் உண்டு. அந்தக் கதவு பெரும்பாலும் தேசிய சட்டப் பல்கலைக்கழக மாணவர்களுக்குத்தான் திறக்கிறது. காரைக்குடியிலோ, திருப்பத்தூரிலோ, மதுரையிலோ அப்படி ஒரு சந்தை இல்லை. இங்கே விளம்பரம் வராது, விண்ணப்பப் படிவமும் கிடையாது. மாமாவுக்குத் தெரிந்த வக்கீல், கல்லூரி விரிவுரையாளர் சொன்ன சீனியர், பார் அசோசியேஷனில் யாரோ சொல்லி அனுப்பிய ஆள் என்று வாய்வழியாகவே எல்லாம் நடக்கிறது. ஒரு காலை போய் வணக்கம் சொல்லி நின்றால், "நாளையிலிருந்து வாப்பா" என்பார் சீனியர். அவ்வளவுதான் நியமனம். என்ன தருவீர்கள் என்று பையனும் கேட்பதில்லை, என்ன தருவேன் என்று அவரும் சொல்வதில்லை.

ஓர் ஆலிமாக இந்த இடத்தில் நமக்கு இடறுகிறது. கூலிக்கு அமர்த்தும் 'இஜாரா' ஒப்பந்தத்தில் கூலி இன்னதென்று இரு தரப்புக்கும் தெரிந்திருக்க வேண்டும் என்பது ஃபிக்ஹின் முதல் பாடங்களில் ஒன்று. சரி, இது கூலி வேலை அல்ல, உஸ்தாதிடம் கல்வி கற்பது போன்றது என்று சீனியர்கள் சொல்லலாம். அந்த ஒப்புமையிலும் பாதிதான் பொருந்துகிறது. நாம் ஓதிய காலத்தில் மத்ரஸாவே சோறு போட்டது, படுக்க இடம் தந்தது. வக்கீல் ஆபீஸில் மடப்பள்ளி கிடையாது.

சட்டம் என்ன சொல்கிறது

1961ஆம் ஆண்டின் வழக்கறிஞர்கள் சட்டம் ஜூனியருக்கு இவ்வளவு கொடு என்று எங்கும் சொல்லவில்லை. மாறாக, இந்திய பார் கவுன்சில் விதி 49, வழக்கறிஞராகத் தொழில் செய்பவர் எந்த நிறுவனத்துக்கோ நபருக்கோ முழுநேரச் சம்பள ஊழியராக இருக்கக் கூடாது என்கிறது. ஆகவே சீனியர் தரும் பணத்துக்கு 'சம்பளம்' என்று பெயரில்லை. 'ஸ்டைபண்ட்' என்பார்கள், அல்லது "பஸ் காசு" என்பார்கள். கம்பெனியிலோ வங்கியிலோ சட்ட அதிகாரியாக முழுநேர வேலைக்குப் போகும் பிள்ளை தன் பதிவை நிறுத்தி வைக்க வேண்டும் என்பதும் இதனால்தான். பல பெற்றோருக்கு இது தெரியாது.

தொழிலுக்குள் நுழையும் முன் கட்டாயப் பயிற்சி என்ற ஏற்பாடு நம் நாட்டில் வந்து போயிருக்கிறது. 1995இல் பார் கவுன்சில் ஓராண்டுப் பயிற்சி விதிகளைக் கொண்டுவந்தது. அதற்கு பார் கவுன்சிலுக்கு அதிகாரம் இல்லை என்று 1999இல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. பின்னர் 2011 மார்ச்சில் அகில இந்திய பார் தேர்வு வந்தது. இன்று தற்காலிகமாகப் பதிவு செய்துகொண்டு, இரண்டு ஆண்டுக்குள் அந்தத் தேர்வில் தேற வேண்டும். தேர்வு எழுத்தறிவைச் சோதிக்கும், தொழிலைக் கற்றுத் தராது. தொழில் கற்பது இப்போதும் சீனியரின் மேசை ஓரத்தில்தான்.

பதிவுக் கட்டணத்தில் ஒரு நல்ல மாற்றம் நடந்திருக்கிறது. முன்பு மாநில பார் கவுன்சில்கள் பல பெயர்களில் பல ஆயிரங்கள் வாங்கி வந்தன. 2024 ஜூலை 30 அன்று உச்ச நீதிமன்றம், சட்டத்தில் எழுதியிருக்கும் தொகைக்கு மேல் பதிவுக் கட்டணமாக வாங்கக் கூடாது என்றது. பொதுப் பிரிவினருக்கு 750 ரூபாய், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 125 ரூபாய். முத்திரைத் தீர்வை இருந்தால் அது தனி. இதைவிடக் கூடுதலாகக் கேட்டால் எதற்கு என்று கேட்கும் உரிமை இப்போது பிள்ளைகளுக்கு உண்டு.

ஸ்டைபண்ட் விஷயத்துக்கு வருவோம். 2024 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதிகள் எஸ்.எம். சுப்பிரமணியம், சி. குமரப்பன் அமர்வு ஒரு முக்கியமான உத்தரவிட்டது. சென்னை, மதுரை, கோவையில் ஜூனியர்களுக்கு மாதம் குறைந்தது 20,000 ரூபாய், மற்ற மாவட்டங்களில் 15,000 ரூபாய் தர வேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்பும்படி தமிழ்நாடு, புதுச்சேரி பார் கவுன்சிலுக்கு அது சொன்னது. பணம் தராமல் வேலை வாங்குவது வாழ்வுரிமையைப் பாதிக்கும் சுரண்டல் என்றும், ஆண் பெண் வித்தியாசம் பார்க்கக் கூடாது என்றும் அந்த உத்தரவில் இருக்கிறது. அதே ஆண்டு அக்டோபரில் இந்திய பார் கவுன்சிலும் நகரங்களில் 20,000, கிராமப்புறங்களில் 15,000 என்று பரிந்துரைத்தது. கவனிக்க: பரிந்துரைதான். சிறு ஊர்களில் எல்லா சீனியருக்கும் அந்த வசதி இருக்காது என்பதை பார் கவுன்சிலே அதில் ஒப்புக்கொள்கிறது.

கீழச்சிவல்பட்டிக்காரரின் மகனுக்கு வருவது நாலாயிரம். கணக்குப்படி 15,000 வர வேண்டும். இதை அவன் கேட்டால் என்ன ஆகும்? "நாளைக்கு வர வேண்டாம்" என்று ஒரு வார்த்தை வரும், எழுத்தில் எதுவும் இருக்காது. உத்தரவு வந்துவிட்டது என்பதற்காகப் பிள்ளையைச் சண்டைக்கு அனுப்ப நாம் சொல்லமாட்டோம். ஆனால் சேரும் முன்பே அந்த உத்தரவைப் பற்றி மரியாதையாகப் பேச்சை எடுக்கலாம். மதுரையில் வேலை அதிகம் உள்ள அலுவலகங்களில் இப்போது அது நடக்கிறது என்று ஜூனியர்கள் சிலர் நம்மிடம் சொன்னார்கள்.

சீனியர்களின் பக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். திருப்பத்தூரிலோ தேவகோட்டையிலோ சொந்தமாகத் தொழில் செய்யும் ஒரு நடுத்தர வக்கீலுக்குக் கட்சிக்காரர் பணம் தருவது அறுவடைக்குப் பிறகு, அல்லது வழக்கு முடிந்த பிறகு, அல்லது தருவதே இல்லை. குமாஸ்தாவுக்குக் கொடுத்து, வாடகை கொடுத்து, மீதியில்தான் ஜூனியர். இங்கிலாந்தில் பாரிஸ்டர்களுக்கான 'பியூபிலேஜ்' பயிற்சிக்குப் பணம் தருவது 2003 முதல் கட்டாயம். அங்கே அது நடப்பதற்குக் காரணம், பணத்தைத் தனியொரு வக்கீல் தருவதில்லை, பல வக்கீல்கள் சேர்ந்த 'சேம்பர்' தருகிறது. நம் ஊரில் அப்படிக் கூட்டாக இயங்கும் அலுவலகங்கள் அரிது.

அரசு உதவி ஒன்றும் உண்டு. 2020இல் தமிழக அரசு, ஏழைக் குடும்பத்து இளம் வழக்கறிஞர்களுக்கு மாதம் 3,000 ரூபாய் வீதம் இரண்டு ஆண்டுகள் தரும் திட்டத்தைத் தொடங்கியது. வயது, குடும்ப வருமானம் ஆகியவற்றில் வரம்பு உண்டு. ஆந்திராவில் 2019இல் மாதம் 5,000 என்று ஆரம்பித்தார்கள். கேரளத்திலும் இப்படி ஒரு திட்டம் இருக்கிறது. தொகை சிறிதுதான். ஆனாலும் தகுதியுள்ள நம் பிள்ளைகள் விண்ணப்பிக்காமலே விட்டுவிடுகிறார்கள் என்பது நமக்கு வருத்தம்.

எங்கே வேலை இருக்கிறது

செட்டிநாட்டு நீதிமன்றங்களுக்குப் பழைய பெருமை உண்டு. தேவகோட்டை சப் கோர்ட்டில் தொடங்கிய நகரத்தார் குடும்ப வழக்குகள், பர்மா, மலேயா கணக்குகளோடு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போயிருக்கின்றன. 1942 ஆகஸ்ட் போராட்டத்தில் தீக்கிரையானதும் அதே தேவகோட்டை நீதிமன்றம்தான். அந்தக் காலத்தில் இங்கே வக்கீலாக இருப்பது பட்டணத்து வக்கீலுக்கு ஈடான தொழில்.

இன்று இந்தப் பகுதியில் ஒரு ஜூனியரின் கையில் வரும் கட்டுகள் என்ன? காசோலை திரும்பிய வழக்கு, வாகன விபத்து இழப்பீடு, வரப்புத் தகராறு, ஜாமீன், ஜீவனாம்சம். இவை எல்லா ஊரிலும் உள்ளவை. செட்டிநாட்டுக்கே உரியது வீட்டு வழக்கு. ஒரு பெரிய வீட்டுக்குப் பத்துப் பதினைந்து புள்ளிகள் பங்காளிகளாக இருப்பார்கள். ஒருவர் சென்னையில், இருவர் சிங்கப்பூரில், ஒருவர் அமெரிக்காவில். வீட்டை விற்க வேண்டும் என்றாலும், இடிந்த கட்டைப் பழுது பார்க்க வேண்டும் என்றாலும் அத்தனை பேரும் கையெழுத்துப் போட வேண்டும். வெளிநாட்டில் எழுதிய பொது அதிகார ஆவணம் இந்தியா வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை செலுத்தப்பட வேண்டும். அந்தத் தேதி தவறினால் எல்லாம் குழப்பம். மூலப் பத்திரம், வில்லங்கச் சான்று, வாரிசுச் சான்று, நூறாண்டுக்கு முந்திய பாகப்பிரிவினைக் காகிதம் என்று தேடி எடுத்து அடுக்குவது ஜூனியரின் வேலை. ஒத்துவராதபோது பாகப்பிரிவினை வழக்கு. முதலில் ஆரம்பநிலைத் தீர்ப்பாணை, பிறகு இறுதித் தீர்ப்பாணை. நடுவே வீட்டை அளந்து யாருக்கு எந்தப் பகுதி என்று அறிக்கை தர நீதிமன்றம் ஒரு வழக்கறிஞரை ஆணையராக நியமிக்கும்.

இந்த 'அட்வகேட் கமிஷனர்' நியமனத்தைப் பெற்றோர் தெரிந்துகொள்ள வேண்டும். இளம் வழக்கறிஞர்களுக்குத்தான் இது பெரும்பாலும் கிடைக்கிறது. கட்டணத்தை நீதிமன்றமே நிர்ணயிக்கும், சீனியர் தயவு வேண்டாம். நாம் பேசிய இளைஞர்களில் பலருக்கு 'என் சம்பாத்தியம்' என்று வீட்டில் கொடுத்த முதல் பணம் இதுதான். நிலத்தில் நின்று சர்வேயரோடு சங்கிலி பிடித்து, இரு தரப்பும் ஏசுவதைக் கேட்டு எழுதும் அந்த அறிக்கை ஒரு வருட வகுப்புக்குச் சமம் என்று ஒரு மூத்த வக்கீல் நம்மிடம் சொன்னார். பத்திரம் படிக்கத் தெரிந்த ஜூனியருக்கு வங்கிக் கடன் சட்டக் கருத்துரைகளிலும் சீனியரிடம் மதிப்புக் கூடும்.

அடுத்தது மதுரை. 2004 ஜூலை 24 அன்று சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை திறக்கப்படும் வரை, சிவகங்கை வழக்கின் மேல்முறையீடு சென்னைக்குத்தான் போனது. பிள்ளைகளும் அங்கேதான் போனார்கள். இப்போது கன்னியாகுமரியிலிருந்து திருச்சி, தஞ்சாவூர் வரை தென்மாவட்ட வழக்குகள் மதுரையில். திருப்பத்தூரிலிருந்து மேலூர் வழியாகப் போகும் பேருந்து ஒத்தக்கடை தாண்டியதும் உலகனேரியில் ஹைகோர்ட் வாசலைக் கடந்துதான் மாட்டுத்தாவணிக்குப் போகிறது. நமது பக்கத்துப் பிள்ளைக்கு வாசலில் இறங்கும் வசதி. ஆனால் தினமும் போய் வருவது வேறு விஷயம். ஹைகோர்ட் அலுவலகத்தில் மாலை ஆறு மணிக்குத்தான் உண்மையான வேலை தொடங்கும். மறுநாள் வழக்குப் பட்டியலைப் பார்த்து, கட்டு எடுத்து, குறிப்பு எழுதி முடிக்க இரவு பத்து ஆகும். ஆகவே அறை எடுத்துத் தங்க வேண்டியிருக்கிறது. ஸ்டைபண்ட் அங்கே கூடுதல், செலவும் கூடுதல்.

எது முதலில்? இதில் வக்கீல்களுக்குள்ளேயே இரு கட்சி. ஹைகோர்ட்டில் ரிட் மனுவும் ஜாமீன் மனுவும் வேகமாக வருகின்றன, ஆங்கிலம் தேறும், சீக்கிரம் பெயர் வரும் என்கிறது ஒரு கட்சி. சாட்சியைக் கூண்டில் ஏற்றிக் குறுக்கு விசாரணை செய்வதைப் பார்க்காதவன் வக்கீலே அல்ல, அதை முன்சீப் கோர்ட்டில்தான் கற்க முடியும் என்கிறது இன்னொரு கட்சி. நாம் இரண்டாவது பக்கம் சாய்கிறோம். வீட்டில் சாப்பிட்டுக்கொண்டு இரண்டு மூன்று ஆண்டு தாலுகா நீதிமன்றத்தில் நின்றுவிட்டு, பிறகு மதுரைக்குப் போகும் பிள்ளைக்கு இரண்டும் கிடைக்கும். வசதி இருக்கிற வீட்டுப் பிள்ளை நேராக மதுரை போனாலும் நட்டமில்லை.

போட்டி கூடப் போகிறது என்பதையும் மறைக்கக் கூடாது. 2022இல் காரைக்குடியிலேயே அரசு சட்டக் கல்லூரி தொடங்கியது. ராமநாதபுரத்தில் 2017இலேயே வந்துவிட்டது. மதுரையிலும் திருச்சியிலும் பழைய கல்லூரிகள். காரைக்குடியில் ஐந்தாண்டுப் படிப்பில் சேர்ந்த முதல் அணி 2027இல் வெளியே வர வேண்டும். ஊர்ப் பிள்ளைகள் ஊரிலேயே சட்டம் படிப்பது சந்தோஷம். ஆனால் சுற்றியுள்ள சீனியர்களின் மேசைகள் அதே எண்ணிக்கையில் கூடப் போவதில்லை.

ஜூனியருக்குச் சாதகமாகச் சில மாற்றங்களும் வந்திருக்கின்றன. 2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டம் போய் பாரதிய நியாய சன்ஹிதா வந்தது. குற்றவியல் நடைமுறை, சாட்சியச் சட்டங்களும் மாறின. முப்பது ஆண்டு மனப்பாடமாக இருந்த பிரிவு எண்களை மூத்தவர்கள் திரும்பப் படிக்க வேண்டியிருக்கிறது. 420 என்று சொன்னால் டீக்கடையில் புரியும், புதிய சட்டத்தில் அது 318. கல்லூரியிலிருந்து புதிதாக வந்தவன் பக்கத்தில் இருந்தால் சீனியருக்கு உதவி. அதே போல இ-ஃபைலிங். மனுவை ஸ்கேன் செய்து, பிடிஎஃப் ஆக்கி, கட்டணம் கட்டிப் பதிவேற்றுவது பல மூத்த வக்கீல்களுக்குத் தலைவலி. இதில் கை தேர்ந்த ஜூனியர் பக்கத்து அலுவலகங்களுக்கும் செய்துகொடுத்துக் கொஞ்சம் சம்பாதிக்கிறான். சீனியரின் அனுமதியோடு செய்வது நல்லது.

நீதிபதி ஆகும் கனவும் மூன்று ஆண்டும்

கீழ்நிலை நீதிபதித் தேர்வு எழுத மூன்று ஆண்டு வழக்கறிஞர் அனுபவம் வேண்டும் என்ற நிபந்தனை 2002 வாக்கில் எடுக்கப்பட்டிருந்தது. 2025 மே 20 அன்று உச்ச நீதிமன்றம் அதை மீண்டும் கொண்டுவந்தது. தற்காலிகப் பதிவு நாளிலிருந்தே அனுபவம் கணக்கிடப்படும். பத்தாண்டுத் தொழில் அனுபவமுள்ள வழக்கறிஞர் சான்று தர வேண்டும், அதை நீதித்துறை அதிகாரி மேலொப்பமிட வேண்டும். நீதிபதிகளிடம் லா கிளார்க்காக இருந்த காலமும் கணக்கில் சேரும்.

தமிழ்நாட்டில் இந்தத் தேர்வை நடத்துவது டிஎன்பிஎஸ்சி. 2023இல் மட்டும் 245 சிவில் நீதிபதி இடங்களுக்கு அறிவிக்கை வந்தது. படித்து முடித்த கையோடு பயிற்சி மையத்தில் உட்கார்ந்து தேர்வு எழுதலாம் என்றிருந்த பிள்ளைகள், முக்கியமாகப் பெண் பிள்ளைகள், இப்போது கட்டாயம் ஒரு சீனியரிடம் சேர வேண்டும். ஜூனியர் இடத்துக்குத் தேவை கூடியிருக்கிறது, அதனால் பேரம் பேசும் பலம் குறைந்திருக்கிறது. "சான்று தருகிறேன், காசு எதிர்பார்க்காதே" என்று சொல்லவும் வாய்ப்பு உண்டு. வேலைக்கே போகாமல் பெயருக்குச் சான்று வாங்கும் யோசனையைச் சிலர் சொல்லக்கூடும். பொய்ச் சான்றோடு நீதிபதி நாற்காலிக்குப் போகும் பாதையை எந்தத் தகப்பனும் தேர்ந்தெடுக்க மாட்டார் என்று நம்புகிறோம். விண்ணப்பிக்கும் முன் அந்த நேரத்து அறிவிக்கையை ஒருமுறை முழுக்கப் படித்துவிடுங்கள்.

அரசு உதவி வழக்கு நடத்துநர் பதவிக்கு ஐந்தாண்டு குற்றவியல் நீதிமன்ற அனுபவம் கேட்கிறார்கள். சென்னை உயர் நீதிமன்றம், மதுரைக் கிளை உள்பட, நீதிபதிகளுக்கு ஆராய்ச்சி உதவியாளர்களை மாதம் 30,000 ரூபாய்த் தொகுப்பூதியத்தில் எடுத்திருக்கிறது. ஆங்கிலத்தில் எழுத வருகிற பிள்ளைக்கு இது நல்ல வாசல். வங்கி சட்ட அதிகாரித் தேர்வுக்குச் சட்டப் பட்டமும் பார் கவுன்சில் பதிவும் வேண்டும்.

நம் மக்கள் அதிகம் அறியாத ஒன்று, சட்ட உதவி எதிர்தரப்பு வழக்கறிஞர் முறை. தேசிய சட்டப்பணிகள் ஆணைக்குழு 2022இல் கொண்டுவந்தது. வக்கீல் வைக்க வசதியில்லாத குற்றம் சாட்டப்பட்டவர்களுக்காக மாவட்டத் தலைமையிடத்தில் முழுநேர அலுவலகம், மாத மதிப்பூதியம். தலைமைப் பொறுப்புக்குப் பத்தாண்டு, துணைப் பொறுப்புக்கு ஏழாண்டு அனுபவம் வேண்டும். உதவி வழக்கறிஞர் இடத்துக்கு மூன்று ஆண்டுக்குள் அனுபவம் உள்ளவரே போதும். சொந்த வழக்கு எடுக்கக் கூடாது, ஒப்பந்தம் குறிப்பிட்ட காலத்துக்குத்தான். ஆனால் விசாரணைக் கைதிகளின் வழக்குகளை நேரடியாக நடத்தும் அனுபவம் வேறெங்கும் இவ்வளவு சீக்கிரம் கிடைக்காது. மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் சட்டப்பணிகள் ஆணைக்குழு அலுவலகம் இருக்கிறது, காலியிடம் வரும்போது அங்கே அறிவிப்பு ஒட்டுவார்கள்.

சஃபர் போகலாமா என்று சில பிள்ளைகள் கேட்கிறார்கள். துபாயில் உள்ளூர் நீதிமன்றங்களில் நின்று வாதிடுவது பொதுவாக அந்நாட்டுக் குடிமக்களான வழக்கறிஞர்களுக்குத்தான். நம்மவர்கள் சட்ட ஆலோசனை நிறுவனங்களில் ஆவணம் தயாரிக்கும் வேலையில் சேரலாம். அதற்கும் இங்கே சில ஆண்டு அனுபவம் கேட்பார்கள்.

பெண் பிள்ளைகள்

சட்டம் படிக்கும் நம் பெண் பிள்ளைகளின் எண்ணிக்கை கூடி வருவதைக் கண்ணால் பார்க்கிறோம். படிப்பு முடிந்ததும் பாதிப் பேர் எங்கே போகிறார்கள் என்பதுதான் கேள்வி. சீனியர் ஆபீஸ் இரவு ஒன்பது வரை, வீட்டில் அனுமதி இல்லை. தாலுகா நீதிமன்றங்களில் பெண்களுக்கென உட்கார இடமும் கழிப்பறையும் எல்லா ஊரிலும் ஒழுங்காக இல்லை. இவை உண்மையான தடைகள், கற்பனை அல்ல. ஆனால் மதுரைக் கிளையில் காணொலி வழியாக ஆஜராகும் வசதி வந்துவிட்டது. மாலை வேலையை வீட்டிலிருந்து கணினியில் செய்து அனுப்பலாம். பெண் சீனியர்களின் அலுவலகங்களும் இருக்கின்றன. கணவன் வீட்டாரோடு தகராறு என்று வரும் நம் பெண்கள் மனம் விட்டுப் பேச ஒரு பெண் வக்கீலைத்தான் தேடுகிறார்கள். ஜமாஅத் பஞ்சாயத்துக்கு வரும் எத்தனையோ பெண்கள் ஆண்கள் முன்னால் பாதி சொல்லி மீதியை விழுங்கிவிட்டுப் போவதை நாமே பார்த்திருக்கிறோம்.

ஃபாத்திமா பீவி அம்மையார் 1950 நவம்பரில் வழக்கறிஞராகப் பதிவு செய்துகொண்டு தொழிலைத் தொடங்கியது கொல்லத்துக் கீழ்நிலை நீதிமன்றத்தில்தான். 1958இல் முன்சீப் ஆனார். 1989இல் உச்ச நீதிமன்றத்தின் முதல் பெண் நீதிபதி. பிறகு நம் மாநிலத்தின் ஆளுநர். அன்று கொல்லத்தில் ஒரு முஸ்லிம் பெண் கறுப்பு அங்கியோடு நீதிமன்றம் போனதை ஊர் எப்படிப் பார்த்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அவரை அனுப்பி வைத்தது அவருடைய தந்தை.

சேரும் முன் கேட்க வேண்டியவை

சீனியரின் பெயர் பெரியதா என்று பார்ப்பதைவிட, அவரிடம் இதற்கு முன் இருந்த ஜூனியர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று விசாரியுங்கள். ஐந்து பேர் தனியாக ஆபீஸ் போட்டிருந்தால் அங்கே கற்றுத் தருகிறார்கள் என்று பொருள். எல்லோரும் ஆறு மாதத்தில் ஓடியிருந்தால் காரணம் இருக்கும். வாரத்தில் எத்தனை நாள் விசாரணை நடக்கிறது, வாய்தா வாங்க மட்டும் அனுப்புகிறாரா, மனு எழுதக் கொடுத்துத் திருத்துகிறாரா என்பதையும் கேட்கலாம். பையன் சொந்தமாக ஒரு சிறு வழக்குக் கொண்டுவந்தால் அதை அவனே நடத்த விடுவாரா என்பது முக்கியம். மாதத் தொகையை முதல் நாளே, எந்தத் தேதியில் என்பதோடு பேசிக்கொள்ளுங்கள். சிறியதானாலும் தெரிந்த தொகை நல்லது.

இன்னொரு கேள்வியை நமக்குச் சொல்லிக் கொடுத்தவர் மதுரையில் உள்ள ஒரு வழக்கறிஞர். கட்சிக்காரர் கையெழுத்திடும் வக்காலத்தில் சீனியரின் பெயருக்குக் கீழே ஜூனியரின் பெயரும் இருக்கிறதா? இருந்தால் அவன் அந்த வழக்கின் வழக்கறிஞர். நாளை அனுபவச் சான்றுக்கும் அதுவே ஆதாரம், தீர்ப்பு நகலிலும் பெயர் வரக்கூடும். இல்லையென்றால் கட்டு தூக்கும் பிள்ளை மட்டும்தான்.

ஜமாஅத்துகளும் ஒன்று செய்யலாம். 2025 ஜூன் 6 அன்று தொடங்கிய 'உமீத்' இணையதளத்தில் வக்ஃப் சொத்து விவரங்களை ஆறு மாதத்துக்குள் ஏற்றச் சொன்னபோது, பத்திரம் எங்கே, பட்டா யார் பெயரில் என்று பள்ளிவாசல் நிர்வாகிகள் அலைந்ததை எல்லோரும் பார்த்தோம். சொத்துள்ள ஒவ்வொரு பள்ளிவாசலும் ஊரில் உள்ள ஓர் இளம் வழக்கறிஞரைப் பகுதிநேரமாக, மாதம் ஒரு தொகை பேசி, ஆவணங்களை ஒழுங்கு செய்ய வைத்துக்கொண்டால் விதி 49 குறுக்கே வராது. இலவசமாகச் செய்து தா என்று மட்டும் கேட்காதீர்கள். சமுதாயப் பிள்ளைதானே என்று சொல்லியே அவனுடைய முதல் மூன்று ஆண்டையும் தின்றுவிடுகிறோம்.

கீழச்சிவல்பட்டிக்காரருக்குப் போன் செய்து, வக்காலத்தைப் பற்றி மகனிடம் கேட்கச் சொன்னோம். இரண்டு நாள் கழித்து அவரே அழைத்தார். "கேட்டேன் ஹஜ்ரத். பதினோரு வழக்குல ரெண்டாவது பேரா இருக்காம். போன வாரம் ஒரு வீட்டு வழக்குல கமிஷனராவும் போட்டிருக்காங்களாம். எங்கிட்ட சொல்லவே இல்ல பாருங்க" என்றார். நாலாயிரம் எவ்வளவாக ஆகும் என்று கேட்டோம். அடுத்த மாதம் பையன் சீனியரிடம் பேசப் போகிறானாம், உயர் நீதிமன்ற உத்தரவின் நகலைக் கேட்டார். அனுப்பியிருக்கிறோம்.